நம் ஆறுகளில் முதலை



நான் பணியாற்றும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆறு அரைக் கட்டைத் தூரத்தில் ஓடுகிறது. ஆற்றோரத்தில் தோட்டத்தின் எல்லையாக மண் கரை போட்டு, தண்ணீர்க் கதவு ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் அண்மையில் ஒரு மஞ்சள் பலகையை நட்டார்கள். வாயைப் பிளந்த முதலையின் படமும், அதன் கீழே ‘அவாஸ்! புவாயா’ என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தன. மறுநாள் காலை நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து நின்று கேட்டான்:

“சார், ஆளைக் கடிக்கும் என்று அரசாங்கமே பலகை போட்டிருக்கிறது. அப்புறம் ஏன் அதைச் சுடக்கூடாது என்று சட்டமும் போட்டிருக்கிறது?”

நல்ல கேள்விதான். ஒரு வகுப்பு நேரத்திற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அன்று. ஏனென்றால் அந்தப் பதிலுக்குள் இந்த நாட்டு ஆறுகளின் நூறாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது; அதில் நம் தோட்டங்களின் வரலாறும் கொஞ்சம் கலந்திருக்கிறது. ஆகவே அந்த மாணவனுக்கும், அவனைப்போல் ஆற்றோரம் வாழும் பிள்ளைகளுக்கும், அவர்களுடைய பெற்றோர்களுக்கும் சேர்த்து இன்றைய பேச்சில் அந்தப் பதிலைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் என் குடும்பத்துச் செய்தி ஒன்று. என் அப்பாயி பிறந்து வளர்ந்தது பேரா மாநிலக் கரையோரத்தில் இருந்த ஒரு தென்னந்தோட்டத்தில். ஜப்பான்காரர்கள் வருவதற்கு முந்திய காலம் அது. லயத்தில் குழாய்த் தண்ணீர் கிடையாது. குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் ஆற்றுத்துறையில்தான். அந்தத் துறையைச் சுற்றி நிபோங் மரக் கழிகளை நெருக்கமாக ஊன்றி அடைப்புக் கட்டியிருந்தார்கள். முதலை நுழையாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. முதலை வாழும் ஆறுகளின் ஓரத்தில் இருந்த கம்பங்களிலும் இப்படிச் செய்வது பழைய வழக்கம்.

ஓர் ஆண்டு மழையில் வெள்ளம் வந்து அடைப்பின் கழிகள் சில பிடுங்கிக்கொண்டு போயின. மேலே சொல்லியும் மூன்று மாதம் வரை ஒருவரும் வந்து பார்க்கவில்லை. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், அப்பாயியின் தங்கை சோற்றுப் பானையைக் கழுவ எடுத்துக்கொண்டு துறைக்குப் போனாள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. பானை மட்டும் கரையில் கிடந்தது.

கம்பத்திலிருந்து மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் படகோடு வந்து, தூண்டில் போட்டு, சில நாளில் ஒரு முதலையைப் பிடித்துக் கொடுத்தார். அதன் வயிற்றில் ஒன்றும் இல்லை. அது வேறு முதலை. அந்த வாரமே ஆள் வந்து அடைப்பைச் சரிசெய்தார்களாம். அதன் பிறகு அந்தத் துறையில் ஓர் உயிரும் போகவில்லை.

கோயிலில் அவிநாசியில் முதலை உண்ட பாலகன் மீண்டு வந்த கதையைச் சொன்னால், அப்பாயி எழுந்து வெளியே போய்விடுவார். ஆனால் முதலையை மட்டும் அவர் திட்டிக் கேட்டதில்லை. “அது ஆத்துல இருந்துச்சு, ராசா. நாமதான் கழி ஊனாம இருந்தோம்” என்பார். இந்தச் சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் முடிவில் மீண்டும் இதற்கு வருவோம்.

இனி, முதலை என்பது எத்தகைய பிராணி என்று பார்ப்போம்.

முதலை ஊர்வன இனத்தைச் சேர்ந்தது. பல்லி, பாம்பு, ஆமை ஆகியவையும் அந்த இனமே. ஆனால் மற்ற ஊர்வனவற்றைவிட முதலையின் உடலமைப்பு முன்னேறியது. அதன் இதயத்தில் நமக்கு இருப்பதுபோல் நான்கு அறைகள் உள்ளன. கண், காது, மூக்குத் துளை மூன்றும் தலையின் மேற்புறத்திலேயே அமைந்திருப்பதால், உடல் முழுவதையும் நீருக்குள் மறைத்துக்கொண்டே அது பார்க்கவும் கேட்கவும் மூச்சுவிடவும் முடியும். தொண்டையில் உள்ள ஒரு மடிப்பு, வாயைத் திறந்தாலும் தண்ணீர் உள்ளே போகாமல் அடைத்துக்கொள்ளும். பல் விழுந்தால் வேறு பல் முளைக்கும். வாழ்நாள் முழுவதும் இப்படி முளைத்துக்கொண்டே இருக்கும்.

தாடையைப் பற்றி ஒரு வியப்பான செய்தி உண்டு. அதை மூடும் தசைகள் மிக மிக வலிமையானவை. திறக்கும் தசைகளோ பலம் குறைந்தவை. எனவேதான் முதலை பிடிப்போர் அதன் வாயை ஒரு கயிற்றால் கட்டிவிட முடிகிறது.

உலகில் முதலை இனத்தவை இருபதுக்கு மேல் உள்ளன. நம் நாட்டு ஆறுகளில் முக்கியமாகச் சொல்லத்தக்கவை இரண்டு.

முதலாவது, உப்புநீர் முதலை. மலாய்க்காரர்கள் இதைப் ‘புவாயா தெம்பாகா’ என்றும் வேறு பெயர்களாலும் அழைப்பார்கள். இன்று உலகில் வாழும் ஊர்வனவற்றில் இதுவே மிகப் பெரியது. நன்கு வளர்ந்த ஆண் முதலை 5 மீட்டருக்கும் மேல் நீளும். பெண் பெரும்பாலும் 3 மீட்டர் அளவோடு நின்றுவிடும். பெயர் உப்புநீர் முதலை என்றாலும், இது கடலில் மட்டும் வாழ்வதன்று. ஆற்று முகத்துவாரம், பாக்காவ் மரங்கள் அடர்ந்த சேற்றுக் காடு, நீப்பாப் பனை வளரும் ஓடை, நன்னீர்ச் சதுப்பு, முகத்துவாரத்திலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும் ஆறு ஆகிய எங்கும் வாழும். நாக்கில் உள்ள சுரப்பிகள் உடலில் சேரும் உப்பை வெளியேற்றிவிடுவதால் இதற்குக் கடல்நீர் தொல்லை தருவதில்லை. நீரோட்டத்தையும் கடல் ஏற்ற இறக்கத்தையும் பயன்படுத்தி நெடுந்தூரம் போகும். அதனால்தான் இந்தியாவின் கிழக்குக் கரையிலும் இலங்கையிலும் தொடங்கி, பர்மா, மலேசியா, இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடகரை வரை இந்த ஒரே இனம் பரவியிருக்கிறது.

இரண்டாவது, ‘புவாயா ஜூலுங்’ எனப்படும் நீண்ட மூக்கு முதலை. இதன் வாய் குறுகி, நீண்டு, கொக்கின் அலகுபோல் இருக்கும். மக்கிய இலைதழை ஆழமாகப் படிந்து, தேநீர் நிறத்தில் தண்ணீர் நிற்கும் சதுப்புக் காடுகளே இதன் வீடு. பகாங் மாநிலத்தின் தாசேக் பேரா ஏரிப் பகுதியும், சரவாக்கின் சில ஆற்றுப் பகுதிகளும் இதன் வாழிடங்கள். இது மீன் மட்டுமே தின்னும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். குரங்கு, பறவை முதலியவற்றையும் பிடிக்கும் என்பது பின்னர் தெரிந்தது. மனிதரைத் தாக்குவது மிக அரிது.

அக்கால வெள்ளைக்காரர் பலர் நம் நாட்டு முதலையை ‘அல்லிகேட்டர்’ என்றே எழுதி வைத்தார்கள். அது சரியன்று. அல்லிகேட்டர் அமெரிக்காவிலும் சீனாவிலும் வாழும் வேறு இனம். வாயை மூடியிருக்கும்போது கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே தெரிந்தால் முதலை, தெரியாவிட்டால் அல்லிகேட்டர். இதுவே இரண்டையும் பிரித்தறியும் எளிய அடையாளம்.

நேயர்களே, இனி வரலாற்றுக்கு வருவோம்.

இந்த நாட்டின் பழைய குடிகள் முதலையோடு ஒரே ஆற்றைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தவர்கள். சாலை இல்லாத காலத்தில் ஆறுதான் சாலை. ஆகவே முதலையைப் பற்றி அவர்களிடம் அச்சமும் இருந்தது. ஒருவகை மரியாதையும் இருந்தது. மலாய்க் கம்பங்களில் முதலை பிடிப்பதற்கென்றே பாவாங் எனப்படும் மந்திரம் அறிந்த பெரியவர்கள் இருந்தார்கள். சிலாங்கூரில் கோல லங்காட் வட்டாரத்தில் அதிகாரியாக இருந்த ஸ்கீட் என்ற ஆங்கிலேயர், 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட மலாய் நம்பிக்கைகள் பற்றிய நூலில் இந்த வழக்கங்களை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். கோழியை இரையாகக் கட்டி, முதலை விழுங்கியதும் வயிற்றுக்குள் குறுக்கே மாட்டிக்கொள்ளும்படி கூர்மையான கட்டையைப் பொருத்தி, கடித்து அறுக்க முடியாதபடி பிரம்பு நார்களைத் தளர்வாகச் சேர்த்துக் கட்டித் தண்ணீரில் விடுவார்கள். அப்பாயி கண்ட பெரியவரும் இந்த முறையைத்தான் கையாண்டிருக்க வேண்டும்.

சரவாக்கின் ஈபான் மக்களிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. ஆளைக் கொன்ற முதலையைத் தவிர வேறு முதலையை அவர்கள் கொல்லமாட்டார்கள். ‘நமக்கும் அதற்கும் ஓர் உடன்பாடு உண்டு, அதை மீறியது எதுவோ அதற்குத்தான் தண்டனை’ என்பது அவர்கள் எண்ணம். பிடித்த முதலையின் வயிற்றைக் கிழித்து, இறந்தவரின் வளையோ மணியோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

நம் முன்னோரும் முதலையை அறியாதவர்கள் அல்லர். சங்க நூலான குறிஞ்சிப்பாட்டில் முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர்கள் வருகின்றன. திருவள்ளுவரோ இடனறிதல் என்னும் அதிகாரத்தில், ஆழமான நீரில் முதலை எல்லாவற்றையும் வெல்லும், நீரை விட்டு நீங்கினால் மற்றவை அதனை வென்றுவிடும் என்று கூறுகிறார். அரசனுக்குச் சொன்ன அறிவுரை அது. ஆனால் ஆற்றோரம் வாழும் நமக்கும் அது நேராகப் பொருந்தும்.

பிறகு தோட்டங்கள் வந்தன. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறைப் பகுதியில் கரும்புத் தோட்டங்கள் உண்டாயின. அவற்றில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து நம் மக்கள் கப்பலேறி வந்தார்கள். அதன் பின் பேரா, சிலாங்கூர், ஜொகூர்க் கரையோரங்களில் தென்னையும் ரப்பரும், பிற்காலத்தில் செம்பனையும் வந்தன. இந்தக் கரையோர நிலங்களில் பல, முன்பு கடல்நீர் ஏறி இறங்கிய சதுப்புகள். காட்டை வெட்டி, ஆற்றோரம் மண் கரை எழுப்பி, கால்வாய் தோண்டி, தண்ணீர்க் கதவு வைத்தார்கள். கடல் ஏறும்போது கதவை மூடுவார்கள். வற்றும்போது திறந்து உள்ளே தேங்கிய நீரை வெளியே விடுவார்கள். இந்த வேலையில் சீனர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருடைய வியர்வையும் சிந்தியிருக்கிறது.

இதனால் நமக்குப் பிழைப்பு கிடைத்தது. முதலைக்கோ, முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடம் போய்விட்டது. கரைக்கு அப்பால் ஆறும், கரைக்கு இப்பால் தோட்டமும் ஆயின. முதலை குறைவதற்கு இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் வெகுமதி. சரவாக்கை 1841 முதல் 1946 வரை ஆண்ட புரூக் குடும்பத்தார், முதலையைக் கொன்று கொண்டுவருவோருக்கு அதன் நீளத்தைக் கணக்கிட்டுப் பணம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் முதலை என்பது ஒழிக்கப்பட வேண்டிய ஒரு தொல்லை என்பதே ஆள்வோரின் கருத்து.

மூன்றாவது காரணம்தான் மற்ற இரண்டையும்விடக் கடுமையானது. அது தோல் வாணிகம். உப்புநீர் முதலையின் வயிற்றுத் தோல் செதில் சிறியதாய், மென்மையாய், எலும்புத் தகடு இல்லாமல் இருக்கும். கைப்பை, காலணி, இடைவார் செய்ய இதைவிட உயர்ந்த முதலைத் தோல் இல்லை என்பார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இத்தோலுக்குப் பெரிய கிராக்கி ஏற்பட்டது. இவ்வாணிகத்தின் முக்கியச் சந்தைகளில் ஒன்றாகச் சிங்கப்பூர் விளங்கியது. இரவில் விளக்கைக் காட்டினால் முதலையின் கண் நெருப்புத் துண்டுபோல் ஒளிரும். படகில் போய், அந்த ஒளியைப் பார்த்துச் சுட்டார்கள். இவ்வாறு 1945க்கும் 1970க்கும் இடைப்பட்ட ஒரு தலைமுறைக் காலத்தில், இவ்வட்டாரம் முழுவதிலும் முதலை அருகிப் போயிற்று.

ஆஸ்திரேலியாவின் வடமண்டலத்தை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1971ஆம் ஆண்டில் அங்கு வேட்டையைத் தடைசெய்தபோது, சுமார் 3,000 உப்புநீர் முதலைகளே எஞ்சியிருந்தன என்று மதிப்பிட்டார்கள்.

இவ்வளவு வலிமையான பிராணி இத்தனை விரைவில் ஏன் குறைந்தது? இந்தக் கேள்விக்கு விடை அதன் உணவிலும் இனப்பெருக்கத்திலும் இருக்கிறது.

உணவை முதலில் பார்ப்போம். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு ஏறத்தாழ ஓர் அடி நீளமே இருக்கும். பூச்சி, சிறு நண்டு, இறால், சின்ன மீன் இவையே அதன் தீனி. வளர வளரப் பெரிய மீன், எலி, பாம்பு, நீர்ப்பறவை என்று உணவு மாறும். முழு வளர்ச்சி பெற்ற முதலை உடும்பு, குரங்கு, காட்டுப்பன்றி, நாய், ஆடு, மாடு ஆகியவற்றைப் பிடிக்கும். மென்று தின்ன அதற்குத் தெரியாது. பெரிய இரையைக் கவ்வியபடி நீருக்குள் உருண்டு உருண்டு பிய்த்து விழுங்கும். சும்மா கிடக்கும்போது அதன் உடலுக்கு மிகக் குறைந்த உணவே போதும். ஆகையால் ஒருமுறை வயிறு நிறையத் தின்றால் பல நாள் அசையாமல் இருக்கும். பெரிய முதலை மாதக்கணக்கில்கூடப் பட்டினி தாங்கும். காத்திருப்பதே அதன் வேட்டை முறை. இரை தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நீரருகே வருகிறதா என்று கவனித்துப் பதுங்கியிருக்கும். இதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். தினமும் அந்தி நேரத்தில் ஒரே துறையில் கால் நனைக்கும் மனிதனும் அதன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிவான்.

இனி அதன் குடும்பம். பெண் முதலை குட்டிபோட்டுப் பெருகும் பிராணிபோல் விரைவில் தாயாவதில்லை. 10 அல்லது 12 வயதான பிறகே முட்டையிடும். ஆண் முதலை பருவமடைய 16 ஆண்டு வரை ஆகும். மழைக்காலத்தில், தண்ணீருக்குப் பக்கத்தில், புல்லையும் இலைதழைகளையும் சேற்றையும் குவித்துப் பெண் முதலை ஒரு மேடு கட்டும். அதற்குள் 40 முதல் 60 முட்டை வரை இடும். குப்பை மக்கும்போது சூடு உண்டாவதை நாம் தோட்டத்தில் பார்த்திருக்கிறோம். அந்தச் சூடுதான் இங்கே அடைகாக்கிறது. சுமார் 80 முதல் 90 நாளில் குஞ்சு பொரிக்கும்.

இன்னொரு புதுமையும் உண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது அந்தச் சூட்டின் அளவே. கூட்டுக்குள் ஏறக்குறைய 31, 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருந்தால் ஆண் மிகும். அதைவிடக் குறைந்தாலும் கூடினாலும் பெண் மிகும்.

இந்த மூன்று மாதமும் தாய் கூட்டை விட்டு அகலாது. அருகில் போகிறவர் யாராக இருந்தாலும் பாயும். நாள் நெருங்கியதும் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே கத்தும். தாய் அந்தக் குரலைக் கேட்டு மேட்டைத் தோண்டி, வெளிவந்த குஞ்சுகளை வாயில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் விடும். இதைக் கண்ட பழைய காலத்தார், தாயே குஞ்சைத் தின்கிறது என்று எண்ணினார்கள். மாட்டையே முறிக்கும் அந்தத் தாடைக்குள் குஞ்சு ஒரு கீறலும் படாமல் இருக்கிறது என்பதே உண்மை.

இவ்வளவு காவல் இருந்தும் பலன் குறைவு. வெள்ளம் ஏறினால் முட்டை மூழ்கிக் கெடும். உடும்பும் பன்றியும் முட்டையைத் தின்னும். பொரித்த குஞ்சைப் பெரிய மீனும், கொக்கும் நாரையும், மற்ற முதலையுமே தின்னும். நூறு முட்டையில் ஒன்று முழு முதலையாக வளர்ந்தால் அதுவே பெரிது. ஆகவே தோலுக்காக ஒரு பெரிய பெண் முதலையைச் சுட்டால், பல ஆண்டு காத்திருந்து கிடைத்த ஒரு தாய் போய்விடுகிறது. அந்த இடத்தை நிரப்ப மீண்டும் பத்து, பன்னிரண்டு ஆண்டு வேண்டும். வலிமையான பிராணி விரைவில் அருகியதற்கு இதுவே காரணம்.

இந்த நிலையைக் கண்ட நாடுகள் விழித்துக்கொண்டன. மலேசியத் தீபகற்பத்திற்கு 1972ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் 2010ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பதிலாக வந்தது. அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தம் ஒன்று 1973இல் வாஷிங்டனில் உருவாகி, 1975இல் நடைமுறைக்கு வந்தது. மலேசியா 1977இல் அதில் சேர்ந்தது. 1979இல் அந்த ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில், பெரும்பாலான நாடுகளின் உப்புநீர் முதலை சேர்க்கப்பட்டது. அதாவது, காட்டில் பிடித்த முதலையின் தோலை நாடு விட்டு நாடு விற்க முடியாது என்றாயிற்று. பண்ணையில் வளர்த்த முதலைக்கு மட்டும் தனி விதிகள் வகுத்தார்கள்.

சட்டம் பலன் தந்தது. ஆஸ்திரேலிய வடமண்டலத்தில் 3,000 என்றிருந்த கணக்கு இன்று ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. நம் சரவாக்கிலும் முதலை பெருகியது. சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்பு நிலக் காப்பகத்தில்கூட இன்று காட்டு முதலையைப் பார்க்க முடிகிறது.

ஆனால் முதலை பெருகியபோது பழைய துயரமும் திரும்பியது. சரவாக்கில் ஸ்ரீ அமான் வட்டாரத்தில் ஓடும் பத்தாங் லூப்பார் ஆற்றில் ‘பூஜாங் செனாங்’ என்று மக்கள் பெயரிட்ட ஒரு முதலை இருந்தது. முதுகில் வெண்மையான பட்டை கொண்ட கிழட்டு ஆண் முதலை அது. கொலையுண்ட வீரன் ஒருவன் பழிவாங்க முதலையாக வந்திருக்கிறான் என்று ஈபான் மக்களிடையே கதை உண்டு. 1980களின் தொடக்கத்திலிருந்து அந்த ஆற்றில் நடந்த பல சாவுகளுக்கு அதுவே காரணம் என்று மக்கள் நம்பினார்கள். 1992ஆம் ஆண்டு மே மாதம், ஆற்றைக் கடந்துகொண்டிருந்த இளம்பெண் ஒருத்தியை அது கொன்றது. அன்றே அவளுடைய உறவினரும் ஊராரும் திரண்டு அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். அதன் நீளம் 19 அடிக்கும் மேல். அதன் மண்டையோடு கூச்சிங்கிற்கு அருகில் உள்ள ஒரு முதலைப் பண்ணையில் வைக்கப்பட்டிருக்கிறது.

இதற்குப் பின்னும் சரவாக் ஆறுகளில் ஆள் சேதம் நிற்கவில்லை. ஆகவே 2016ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஜொஹானஸ்பர்க் நகரில் கூடிய ஒப்பந்த நாடுகளின் மாநாட்டில், மலேசியாவின் உப்புநீர் முதலை கடுமையான பட்டியலிலிருந்து அடுத்த பட்டியலுக்கு மாற்றப்பட்டது. காட்டு முதலையை உரிமம் பெற்றுக் கட்டுப்பாட்டோடு பிடித்து விற்க, சரவாக்கிற்கு மட்டும் வழி பிறந்தது. சபாவிலும் தீபகற்பத்திலும் அப்படிப் பிடித்து விற்பதற்கு இடம் தரவில்லை. ஒரு காலத்தில் ‘எல்லாவற்றையும் கொல்’ என்றார்கள். அடுத்து ‘ஒன்றையும் தொடாதே’ என்றார்கள். அதன் பிறகு, ‘கணக்கெடுத்து, அளவோடு நட’ என்ற இடத்திற்கு வந்து சேர்ந்தார்கள். நூறாண்டு அனுபவம் கற்றுக்கொடுத்த பாடம் இது.

இப்போது என் மாணவனின் கேள்விக்கு வருவோம். ஆபத்தான பிராணியை ஏன் காப்பாற்ற வேண்டும்?

முதலாவதாக, ஆற்றின் உயிர்ச் சங்கிலியில் முதலை மேல் கண்ணி. செத்த பிராணியைத் தின்று ஆற்றைச் சுத்தம் செய்கிறது. பன்றி, குரங்கு போன்றவை அளவுக்கு மேல் பெருகாமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவதாக, ஒரு பிராணியை முற்றாக அழிப்பது நமக்கு எளிதாக இருக்கிறது. மீண்டும் உண்டாக்க நம்மால் முடியாது. மூன்றாவதாக, எல்லா முதலையும் ஆளைக் கொல்வதில்லை. ஆளைத் தாக்கியதை இனங்கண்டு அகற்ற வனவிலங்கு இலாகாவுக்கு அதிகாரம் உண்டு. அப்பாயியின் தோட்டத்தில் பிடிபட்டது வேறு முதலை என்று சொன்னேன் அல்லவா? கண்ணில் பட்டதைக் கொல்வதால், கொன்றதைப் பிடித்தோம் என்று ஆகிவிடாது.

ஆனால் இவ்வளவும் சொல்லி, மனித உயிரை மறந்துவிட்டால் அது நியாயமன்று. முதலையைக் காக்க ஒரு சட்டம் உண்டென்றால், நம் பிள்ளையைக் காக்க நமக்கும் சில கட்டுப்பாடுகள் வேண்டும்.

பொழுது சாய்ந்த பின் ஆற்றிலோ, ஆற்றோடு சேரும் பெரிய கால்வாயிலோ இறங்கக்கூடாது. தூண்டில் போடப் போகும் பையன்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். மீன் செதிலையும் கோழிக் குடலையும் தண்ணீரில் கொட்டக்கூடாது. அது முதலைக்கு விருந்து வைத்து அழைப்பது போலாகும். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நீரருகே போவதைத் தவிர்க்க வேண்டும். மழைக்காலத்தில் ஆற்றோரப் புதரில் இலைதழை மேடு எதையேனும் கண்டால் கிளறிப் பார்க்காமல் திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். தாய் அங்கேதான் இருக்கும். முதலையைக் கண்டால் கல்லெறியாமல் வனவிலங்கு இலாகாவுக்கோ தீயணைப்பு நிலையத்திற்கோ தகவல் கொடுக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, பழுதான வேலியையும் உடைந்த கதவையும் விழுந்த எச்சரிக்கைப் பலகையையும் கண்டால், ‘யாராவது சரிசெய்வார்கள்’ என்று விட்டுவிடக்கூடாது. ஒருமுறை சொல்லி நடக்காவிட்டால் எழுதிக் கொடுங்கள். எழுதியும் நடக்காவிட்டால் நாலு பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள். மூன்று மாதம் பொறுத்திருந்ததற்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலையை முன்பே சொன்னேன்.

அமைதியான தண்ணீரில் முதலை இல்லை என்று எண்ணாதே என்று மலாய்க்காரர்கள் ஒரு பழமொழி சொல்வார்கள். ஆழ்ந்த நீரில் முதலை வெல்லும் என்றார் வள்ளுவர். இரண்டும் நமக்குச் சொல்வது ஒன்றுதான்: அதன் இடம் எது, நம் இடம் எது என்று அறிந்து நட. ஆறு அதன் வீடு. கரை நம் வீடு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலையின் வேலை அன்று, நம்முடைய வேலை.

மறுநாள் வகுப்பில் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். அந்த மாணவன் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் சார், பலகைக்குப் பக்கத்தில் வேலியில் ஓட்டை இருக்கிறதே, அதை யாரிடம் சொல்வது?” என்று கேட்டான். அன்று மாலையே நாங்கள் இருவரும் அவன் அப்பாவை அழைத்துக்கொண்டு தோட்ட அலுவலகத்திற்குப் போனோம். கிராணியிடம் சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டு வந்தோம். இரண்டு நாளில் ஆள் வந்து கம்பி கட்டினார்கள்.

அப்பாயி இன்று இருந்திருந்தால், அந்தக் கம்பியைக் கையால் அசைத்துப் பார்த்திருப்பார்.